தறிகள் நின்ற வெள்ளிக்கிழமை

மூச்சு முட்டும்போது சாமியைக் கூப்பிடக்கூட மூச்சு வேண்டும். போன ஆடி வெள்ளியில்தான் எனக்கு அது தெரிந்தது.

எடப்பாடியில் எங்களுக்கு விசைத்தறி. வீட்டின் முன்பாதியில் தறி ஓடும், பின்பாதியில் நாங்கள். பல வருடங்களாக எனக்கு மூச்சிளைப்பு. பஞ்சுத் தூசு ஆகாது என்பார்கள். ஒரு காதில் வாங்கி மறுகாதில் விட்டுவிடுவேன். இளைப்பு வந்தால் மாரியம்மனுக்குச் சாம்பிராணி போடுவேன். இளைப்பு கூடினால் புகையையும் கூட்டுவேன். அப்படி ஒரு பக்தி எனக்கு.

அன்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு அறை நிறையப் புகை போட்டேன். திடீரென்று நெஞ்சைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது போல் ஆனது. உள்ளே இழுத்த காற்று வெளியே வரவில்லை. எழ முடியவில்லை. முன்பக்கம் தறி ஓட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரரைக் கூப்பிட வாய் திறந்தேன், குரல் வரவில்லை. வந்தாலும் தறிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். "தாயே, என் சத்தம் யார் காதுலயாவது விழணும்" என்று மனதுக்குள் கதறினேன்.

கரண்ட் போனது.

எங்கள் தறி நின்றது. தெருவில் அத்தனை தறிகளும் நின்றன. அந்த அமைதியில் என் மூச்சு விசிலடிப்பது எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கிறது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன சாமி ஆச்சு? இந்தப் பொகைக்குள்ள எதுக்கு உக்காந்திருக்கற? எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அங்கே மூக்கிலும் வாயிலும் மாஸ்க் வைத்து மருந்தை ஆவியாக ஏற்றினார்கள். நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது. பிறகு டாக்டரம்மா சொன்னார்: "மூச்சுக்குழாய் உள்பக்கம் வீங்கிக்குதுங்க. சுத்தியிருக்கற சதை இறுகிக்குது. சளி வேற அடைக்குது. அந்தச் சந்துல காத்து வெளிய வரப் படற பாடுதான் விசில் சத்தம். பொகையும் தூசும் பட்டா இன்னும் சுருங்கிக்கும்."

கேட்கக் கேட்க மெய் சிலிர்த்தது. இவ்வளவு சின்னக் குழாய்களிலா என் உயிர் போய் வந்துகொண்டிருந்தது? நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்காதவளுக்கும் மாரியம்மன் அவற்றைத் திறந்தே வைத்திருந்தாள். அழுதுவிட்டேன்.

இப்போது என் அம்மனுக்கு விளக்கும் செவ்வரளியும்தான். தறிக்கும் படுக்கைக்கும் நடுவே சுவர் எழுப்பிவிட்டோம். இன்ஹேலர் சாமி அலமாரியில் இருக்கிறது. டாக்டரம்மா சொன்னபடி அதை இழுத்த பிறகே விளக்கேற்றுகிறேன்.

இளைப்பால் தவிக்கும் சகோதரிகளே, அம்மனைக் கூப்பிடுங்கள். குரலே வராவிட்டாலும் கேட்பாள். அவள் காட்டிய மருந்தையும் விட்டுவிடாதீர்கள்.

கரண்ட் போனால் எங்கள் தெருவே முணுமுணுக்கும். நான் மட்டும் கைகூப்பி, நன்றாக ஒரு மூச்சு இழுத்து விடுகிறேன்.