பட்டியலிலிருந்து நான் எடுத்த ஆட்டம்

பழைய வீடியோ கேம் கருவிகளுக்கு, கம்பெனி ஆட்கள் அல்லாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதும் மென்பொருளை ஹோம்ப்ரூ என்பார்கள். கையடக்கக் கருவி ஒன்றுக்கு அப்படி வந்தவற்றின் பட்டியலை இணையத்தில் நான் நடத்திவருகிறேன். எது சேரும், எது சேராது என்பதைச் சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபடி நான்தான் முடிவு செய்கிறேன். அதில் எனக்குத் தடுமாற்றம் வந்ததில்லை. நிரல், படம், ஒலி மூன்றும் அனுப்புபவர் ஆக்கியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உரியவர் அனுமதி தந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

போன வருடம் புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஓர் அக்கா ஆட்டம் ஒன்றை அனுப்பினார். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் ஆட்டம்தான், ஆனால் கட்டைகளுக்குப் பதில் முட்டைகள் விழுந்தன. பார்க்க அத்தனை அழகு. ஆனால் உள்ளே இருந்தது கடையில் விற்ற ஒரு பழைய ஆட்டம். மறுத்து எழுதினேன். மறுநாளே போன் வந்தது.

“ஏனுங்க அம்மிணி, மூணு மாசம் ஒக்காந்து செஞ்சனுங்க. படமெல்லாம் நானே வரைஞ்சதுங்க. சேராதுங்களா?”

“சேராதுங்கக்கா. படம் உங்களுது. ஓடுற ஆட்டம் கம்பெனியோடது. அதுக்கு வேற பட்டியல் இருக்கு, அங்க சந்தோசமா சேத்துக்குவாங்க.”

“செரிங்க. அப்ப உங்க பஸ் ஆட்டத்துல வார ஹாரன் யாருதுங்க? எம்பொண்ணு ஆடுன கார் ரேஸ்ல வார சத்தமாட்டவே இருக்குதுங்க.”

கல்லூரி நாட்களில் எழுதிய ஆட்டம் அது. பட்டியலில் முதலில் சேர்த்ததும் அதைத்தான். ஹாரன் சத்தத்தை எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருந்தேன். எங்கிருந்து என்பதே மறந்துவிட்டது. அந்தக் கார் ரேஸையும் என் ஆட்டத்தையும் அடுத்தடுத்து ஓடவிட்டுக் கேட்டேன். அதே சத்தம்தான்.

காது சூடானது. ஆனால் என்ன செய்வதென்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என் ஆட்டத்தை எடுத்துவிட்டுக் காரணத்தையும் அங்கேயே எழுதினேன். அடுத்த மூன்று ஞாயிறும் உட்கார்ந்து, கருவியின் சொந்த ஒலியிலேயே புது ஹாரன் செய்தேன். டவுன் பஸ் மாதிரி இல்லை, ஆடு கத்துவது மாதிரி இருந்தது. பரவாயில்லை, என்னுடையது.

அக்காவுக்குத் தகவல் சொன்னேன்.

“அடடா, அதுக்காவ எடுத்தே போட்டீங்களா?” என்று சிரித்தார். பிறகு தீவனம் வைக்கும் நேரத்துக்கு மணியடிக்கும் சின்ன நிரல் ஒன்றை அனுப்பினார். முதல் வரியிலிருந்து அவரே எழுதியது. சேர்த்தேன்.

“இது விளையாட்டே இல்லையே?” என்று பட்டியலைப் பார்த்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து எழுதிக் கேட்டார். ஹோம்ப்ரூ என்றால் விளையாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை என்று பதில் போட்டேன்.