மீனுக்கு ரெட் ஒயின் ஒத்துவராது

நான் முஸ்லிம்; மது என் வாயில் பட்டதே இல்லை. ஆனாலும் ஒரு மாலை ஒயின் நிபுணனாக மாட்டிக்கொண்டேன்.

வேலையில் சேர்ந்த புதிதில், மேலாளர் ரவி சார் எங்கள் குழுவைச் சிங்கப்பூரின் காத்தோங் பகுதியில் ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போனார். மற்றவர்கள் சொன்ன ஆட்டிறைச்சிக்குப் பொருத்தமாக, அதிக விலையில்லாத பிரெஞ்சு ரெட் ஒயின் ஒன்றைச் சொல்லி, எனக்கும் கிளாஸ் வைக்கச் சொன்னார். நான் மட்டும் தனியாகத் தெரிய வேண்டாமே என்று, எங்கோ படித்ததை எடுத்துவிட்டேன்.

"நான் மீன் சொல்லியிருக்கேன் சார். மீனுக்கு ரெட் ஒயின் ஒத்துவராது."

"அட, ஒயின் தெரிஞ்ச ஆளா! அப்ப நீங்கதான் டேஸ்ட் பண்ணிச் சொல்லணும்லா."

பணிப்பெண் என் கிளாஸில் ஒரு வாய் ஊற்றிவிட்டு நின்றாள். மேசையே என்னைப் பார்த்தது. நானோ சுவரோரம், எழுந்து போகவும் இரண்டு பேர் நகர வேண்டும். வேறு வழியின்றி கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். தேக்காவில் எங்கள் மளிகைக்கடையில், மழையில் நனைந்த அட்டைப்பெட்டியில் அடிக்கும் அதே வாடை.

"இது கெட்டுப்போச்சு," என்றேன்.

அவளும் முகர்ந்து பார்த்து, "ஆமா சார், சாரி," என்று எடுத்துப்போனாள். எல்லோரும் கைதட்டினார்கள். தப்பித்தேன் என்று நினைத்தேன். அடுத்த பாட்டில் வந்தது. முதல் வாய் மறுபடியும் எனக்கே.

"சார்... நான் குடிக்கிறதில்லை."

"ஒயின் பத்திப் பேசுனீங்களே, குடிப்பீங்கன்னுல நெனச்சேன்! முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று கிளாஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

ஒயினில் இருந்த கோளாறைச் சொல்ல எனக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. என்னைப் பற்றி ஒரு வரி சொல்லத்தான் இரண்டு பாட்டில் ஆனது.