நுரைக்காரரின் மூக்கு

பெட்ரோல் பங்குக்குப் பின்னால் யாருக்கும் வேண்டாத ஒரு முக்கோண மனை கிடந்தது. அதில் தகரக் கூரை போட்டு, ஒரு பம்பு வாங்கி வைத்து, கார்களைக் கழுவி மெருகேற்றித் தரும் தொழிலை அவர் தொடங்கினார். காரின்மேல் வெள்ளை வெளேரென்று நுரையைப் பீய்ச்சியடித்துவிட்டு, அது அழுக்கை இழுத்துக்கொண்டு வழியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வேலை நேரத்தில் ஒரு மனிதர் இப்படிச் சும்மா நிற்பதைப் பார்த்த அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அவருக்கு நுரைக்காரர் என்று பெயர் வைத்தார்கள். கோபம் வந்தால் அவர் மனைவியும் அந்தப் பெயரைத்தான் சொல்வாள்.

அவருக்குச் சக்கரம்தான் உயிர். மற்றவர்கள் கார் முழுவதையும் கழுவி முடித்து, களைத்துப்போய், கடைசியில் சக்கரத்துக்கு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார்கள். இவர் முக்காலியை இழுத்துப்போட்டு முதலில் அங்கேதான் உட்காருவார். புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் தொடமாட்டார். பிரேக் தேய்ந்து பறக்கிற கறுப்புத்தூள் ரிம்மில் படிந்து, வெயிலில் வெந்து, தோல் மாதிரி இறுகியிருக்கும். கறை கரைக்கும் மருந்தைத் தெளித்து, கம்பிகளுக்கு நடுவே மெல்லிய தூரிகையை விட்டு, யாரும் எட்டிப் பார்க்காத உட்பக்கம்வரை துடைத்தெடுப்பார். "பின்பக்கம் யாருக்கு மாமா தெரியப்போகுது?" என்று கூட வேலை செய்யும் மச்சினன் கேட்டால், "எனக்குத் தெரியுமேப்பா" என்பார். மனைவியின் தம்பியான அவன் அதற்குமேல் வாயைத் திறக்கமாட்டான்.

சக்கரத்துக்கு அடுத்தபடியாக அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது மூக்கு. கார் வந்ததும் உள்ளே உட்கார்ந்து, கதவுகளைச் சாத்தி, கண்ணை மூடிக்கொள்வார். வெளியே வந்து, "பின்சீட்டுக்கு அடியில பால் கொட்டியிருக்கு" என்பார். சீட்டைக் கழற்றினால் அங்கே பால் கறை இருக்கும்.

அந்த மூக்குதான் போனது.

ஒரு குளிர்காலத்தில் காய்ச்சல் கண்டு படுத்தார். எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒரு காலையில் அடுப்பில் பால் அடிப்பிடித்துப்போனது. அவர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். கொல்லைப்புறத்திலிருந்து ஓடிவந்த மனைவி அடுப்பை அணைத்தாள்.

"மூக்கை என்ன வாடகைக்கு விட்டுட்டீங்களா? தெருமுனை வரைக்கும் வீச்சம் போகுது!"

அவர் பாத்திரத்தை எடுத்து முகத்தருகே வைத்தார். சூடு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "நரம்பு சம்பந்தப்பட்டது. தானா வரலாம், வராமலும் போகலாம்" என்றார். தினமும் காலையில் சில வாசனைகளை மோந்து பார்த்துப் பழகச் சொன்னார். மூக்குக்கு உடற்பயிற்சி மாதிரி.

மனைவி வீட்டிலேயே தையல் இயந்திரம் போட்டுத் துணி தைப்பவள். காலை நேரம்தான் அவளுக்கு வேலை மும்முரம். ஆனாலும் தைப்பதை நிறுத்திவிட்டு, சின்னச் சின்ன பாட்டில்களில் பஞ்சை அடைத்து, எலுமிச்சை எண்ணெய், கிராம்பு எண்ணெய், பன்னீர், யூகலிப்டஸ் என்று ஊற்றி வைத்துக்கொண்டு அவர் எதிரே உட்காருவாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவள் ஒவ்வொன்றாக நீட்டுவாள்.

"ஏதாச்சும் தெரியுதா?"

"இல்ல."

யூகலிப்டஸுக்கு மட்டும் மூக்கினுள் சில்லென்று ஓர் உணர்ச்சி வரும். அது வாசனை அல்ல என்று அவருக்கே தெரிந்தது. கண்ணைத் திறந்தால் அவள் முகம் வாடியிருக்கும். நாளாக ஆக, தன் மூக்கைவிட அந்த முகம்தான் அவரை அதிகமாக வாட்டியது.

ஒருநாள், "லேசா கிராம்பு மாதிரி இருக்கு" என்றார். அவள் எந்த வரிசையில் பாட்டிலை எடுக்கிறாள் என்பது அவருக்கு மனப்பாடம். அவள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நொடியே தம்பிக்கு போன் போட்டாள். "வந்துடுச்சுடா! மாமாவுக்கு வந்துடுச்சு!"

சொன்னதை அதன்பிறகு எப்படித் திரும்ப எடுப்பது? மறுநாள் பன்னீர் தெரிந்தது. அதற்கடுத்து எலுமிச்சையும் தெரிந்தது. கடையிலும் அவர் பழையபடி காருக்குள் உட்கார்ந்து கண்ணை மூடினார், வெளியே வந்து, பொதுவாக, "ஏ.சி.யைச் சுத்தம் பண்ணணும்" என்றார். எந்தக் காருக்கும் பொருந்துகிற பேச்சு அது. சிலர், "வாடை அப்படியே இருக்கே" என்று திரும்பி வந்தார்கள். மழைக்காலம், ஈரக் காற்று என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

ஒரு காலையில் மனைவி பாட்டிலை நீட்டியபோது, "எலுமிச்சை" என்றார் உடனே. அவள், "ம்" என்றாள். மூடியைத் திருகினாள். தையல் இயந்திரத்துக்குப் போய்விட்டாள்.

அதே வாரம்தான் பல் டாக்டரம்மாவின் கார் வந்தது. அந்த அம்மாள் காரைக் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருப்பவர். சக்கரங்களில் பெயின்ட் கிடையாது. கண்ணாடி போல மெருகேற்றிய வெறும் அலுமினியம். கடையில் சக்கரத்துக்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று எந்த ரிம்முக்கும் தீங்கு செய்யாதது; அழுகிய முட்டை மாதிரி நாறும். இன்னொன்று அமிலம் கலந்தது. லாரிச் சக்கரத்தின் பழைய கறைக்கு மட்டும். இரண்டுமே தண்ணீர் நிறம். ஒரே மாதிரித் தெளிப்பு பாட்டில்கள். ஒட்டியிருந்த தாள்கள் ஈரத்தில் எப்போதோ உரிந்துபோயிருந்தன. முன்பெல்லாம் எடுக்கும்போதே நாற்றம் சொல்லிவிடும். லேபிள் எதற்கு என்று அவரும் இருந்துவிட்டார்.

அன்று கைக்குக் கிடைத்த பாட்டிலை எடுத்து நான்கு சக்கரங்களுக்கும் தெளித்தார். தூரிகையை எடுத்துக்கொண்டு குனிந்தபோது ரிம்மில் மூடுபனி படர்வது போல் வெள்ளையாகக் கிளம்பியது. குழாயை இழுத்துத் தண்ணீர் அடித்தார். வெள்ளை போகவில்லை. விரலால் தேய்த்தார். அப்போதும் போகவில்லை.

டாக்டரம்மா வந்து பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"மருந்து மாறிப்போச்சுங்க. தப்பு என்னுதுதான். எனக்கு வாசனை தெரியாது. தெரியற மாதிரி சொல்லிட்டு இருந்தேன்."

"அப்போ இத்தனை நாளா குருட்டாம்போக்குலயா வேலை பார்த்தீங்க?"

நுரைக்காரர் ரிம்களை மறுபடி மெருகேற்றித் தருவதாகச் சொன்னார். டாக்டரம்மா சாவியைக் கையில் தராமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மச்சினன் போன் செய்ததில் மனைவி வந்தாள். வந்தபோது அவர் ஒரு சக்கரத்தைக் கழற்றித் துணிமேல் கிடத்தி, நனைத்த உப்புத்தாளால் வட்டவட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். தம்பி நாசூக்காகக் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டான்.

"அந்த பாட்டில்ல ஒண்ணுமே இல்லங்க" என்றாள்.

"எந்த பாட்டில்?"

"நீங்க எலுமிச்சைன்னு சொன்னீங்களே, அது. புதுசு. வெறும் பஞ்சுதான் இருந்துச்சு."

அவர் கை நின்றது. "தெரிஞ்சுமா பேசாம இருந்தே?"

"எப்படிக் கேக்கறது? எனக்காகத்தான் சொல்றீங்கன்னு புரிஞ்சுது. கேட்டா நீங்க குறுகிப்போயிடுவீங்கன்னு நினைச்சேன்." பார்வையை ரிம்மை நோக்கித் திருப்பினாள். "நீங்க எனக்காக மறைச்சீங்க, நான் உங்களுக்காக மறைச்சேன். நடுவுல டாக்டரம்மா சக்கரம் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமா இது என்று அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். வெளியே நின்றவன் எட்டிப் பார்த்துவிட்டு, அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று புரியாமல் தலையை இழுத்துக்கொண்டான்.

நான்கு சக்கரங்களும் பழைய பளபளப்புக்குத் திரும்பின. டாக்டரம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லாதான் இருக்கு" என்றார். காரை எடுத்துக்கொண்டு போனவர் பிறகு வரவேயில்லை. தெருவில் எதிரே வந்தாலும் நேராகப் பார்த்துக்கொண்டே போவார். நுரைக்காரருக்கு அதில் வருத்தம் உண்டு, குறை இல்லை. நம்பிக் கொடுத்த பொருளைக் கெடுத்தவனை மறுபடி நம்ப வேண்டும் என்று என்ன கட்டாயம் என்பார்.

மனைவி மறுநாளே மிச்சத்துணியிலிருந்து சிவப்புப் பட்டை ஒன்றைக் கிழித்து வந்து அமில பாட்டிலின் கழுத்தில் இறுக்கிக் கட்டினாள். பிற்பகல்களில் தையலை மூடிவைத்துவிட்டுக் கடைக்கு வரவும் தொடங்கினாள். காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வது இப்போது அவள். புதிதாக வருகிறவர்களிடம் அவர் முதலிலேயே சொல்லிவிடுவார்: "எனக்கு வாசனை தெரியாதுங்க. உள்பக்கம் வீட்ல பார்த்துக்குவாங்க." ஒன்றிரண்டு பேர் அதைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். முன்பென்றால் அவமானமாக நினைத்திருப்பார். இப்போது முக்காலியை அடுத்த சக்கரத்துக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

அவளுக்கு அவரைப் போல ஒரே வார்த்தையில் சொல்ல வராது. நீட்டி முழக்கித்தான் சொல்வாள். "முன்னாடி நாய் வாடை. ஆனா குளிப்பாட்டின நாய். பின்னாடி ஆரஞ்சுத் தோல். அதுக்கும் அடியில ஒரு ஆஸ்பத்திரி வாடை இருக்குங்க. வீட்ல யாருக்கோ முடியல போல." அவர் சக்கரத்தருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். மூக்கு இருந்த காலத்தில் பாலா, புகையா, பூஞ்சணமா என்பதோடு நிறுத்திக்கொண்டவர்தான். அந்தக் காரில் யார் ஏறி இறங்கினார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர்கள் இவ்வளவு பேசியதும் இல்லை. வாசனை திரும்ப வரவில்லை. காலைப் பயிற்சியை அவரே ஒருநாள் போதும் என்று நிறுத்தினார். அவள் கொஞ்சம் அழுதாள். பாட்டில்களைக் கழுவி ஊசி நூல் போட்டுக்கொண்டாள்.

சென்ற மழையில் அவளுக்குச் சளி பிடித்தது. மூக்கு அடைத்து, குரல் கம்மி, கண்ணெல்லாம் நீர். அன்று பார்த்து, வெள்ளத்தில் நின்ற கார் ஒன்றை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் உள்ளே உட்கார்ந்து இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினாள். "சுத்தமா ஒண்ணும் தெரியல." தம்பிக்கும் அதே சளி. மூன்று பேரும் காரைச் சுற்றி நின்றார்கள். அந்த நேரம் காரின் சொந்தக்காரர், லைப்ரரியில் வேலை பார்க்கும் ஒருவர், குடையை மடக்கிக்கொண்டு வந்தார்.

"சார், இன்னைக்கு எங்க கடையில ஒரு மூக்கும் வேலை செய்யல. நீங்களே உக்காந்து பார்த்துச் சொல்லுங்க" என்றார் நுரைக்காரர்.

வந்தவர் கேலி என்று நினைத்துச் சிரித்தார். யாரும் சிரிக்காததைப் பார்த்து உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார். நன்றாக நேரமெடுத்துக்கொண்டார். முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்கு மாறினார். குனிந்து தரையை மோந்தார். இறங்கி, தயங்கித் தயங்கி, "பின்னாடி வலது ஓரத்துல லேசா சேறு வாடை வருதுங்க. நான் தப்பாவும் சொல்லலாம்" என்றார்.

"நீங்க சொன்னா சரிதான் சார். நாளைக்கு எடுத்துக்குங்க" என்று நுரைக்காரர் சாவியை மறுபடி வாங்கிக்கொண்டார். மச்சினன் பின்சீட்டைக் கழற்றினான். விரிப்பைத் தூக்கியதும் அடியில் கஞ்சி போலச் சேறு தேங்கியிருந்தது. மனைவி தும்மிக்கொண்டே விரிப்பின் ஒரு முனையைப் பிடிக்க, அவர் மறுமுனையைப் பிடித்தார். இருவருமாக அதைக் காற்றாடிக்கு எதிரே கொண்டுபோய் விரித்தார்கள்.