ஒன்றரை நூல் சாவி

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பெங்களூரிலிருந்து எடப்பாடிக்கு வந்தேன். ஊர் சுற்ற அல்ல. திங்கட்கிழமை காலை அம்மாவுக்குச் சேலத்தில் முதல் கீமோ. அதற்கு முன்னால், தான் பிறந்த பனமரத்துப்பட்டியின் ஏரிக்கரையில் அப்பாவும் அவளும் நானும் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அம்மா கேட்டிருந்தாள். முடி உடனே கொட்டாது, இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஊசி ஏறிய பிறகு சீப்பைத் தொடவே பயமாக இருக்கும், படத்துக்கெல்லாம் நிற்க மாட்டேன் என்றாள். அம்மாவின் முடி இடுப்புக்குக் கீழே வரும். அது முழுதாகத் தெரிய வேண்டும்.

விஷயம் எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது. எங்கள் வீதியில் ஒருவருக்குச் சொன்னால் விடிவதற்குள் எல்லோரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்துவிடுவார்கள். அதனால் ஸ்டூடியோக்காரரும் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பையனும் வேண்டாம். ட்ரைபாட், பத்து விநாடி டைமர், நான். இப்போது இதை எழுதுவதும் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் கேமராவை ட்ரைபாடில் மாட்டிப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. கேமராவின் அடியில் திருகி மாட்டும் பிளேட் ஆடியது. படுக்கை வாட்டத்தில் வைத்தால் நின்றது. தலை முதல் கால் வரை தெரிவதற்காகச் செங்குத்தாகத் திருப்பினால், லென்ஸின் எடை மெதுவாகக் கீழே இழுத்துக்கொண்டு போனது. என்னுடைய பிளேட்டின் திருகாணியில் காசு வைத்துத் திருப்பும் பள்ளம் கிடையாது. ஆறு பட்டைக் குழிதான் இருக்கிறது. அதற்கு எல் போல வளைந்த அலன் கீ வேண்டும். கூட வந்த சாவி வீடு மாற்றியதில் தொலைந்துவிட்டது. வீட்டிலிருந்த செட்டில் நாலு எம்.எம். சாவி உள்ளே சும்மா சுற்றியது. ஐந்து நுழையவே இல்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள தறி உதிரிபாகக் கடைக்குக் கேமராவோடு போனேன். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குழியைப் பார்த்தார். கடையில் கூட்டம். "நாலு பத்தாதுங்க. ஒன்றரை நூல் வேணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

நான் வளர்ந்த ஊரில் நூல் என்றால் தறிக்குப் போகும் நூல். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சாவி தொளதொளவென்று இருப்பதால் அதன்மேல் நூலைச் சுற்றச் சொல்கிறார், நல்ல யோசனைதான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பாவு நூலில் ஒரு துண்டு எடுத்து, நாலு எம்.எம். சாவியின் முனையில் சரியாக ஒன்றரைச் சுற்று சுற்றினேன். போதவில்லை. மேலும் நாலு சுற்று. சாவி இறுக்கமாக உள்ளே போனது. பலம் கொடுத்துத் திருகினேன். நூல் நைந்து, சாவி சறுக்கி, குழியின் பட்டைகள் வழுக்கையாகத் தொடங்கிவிட்டன. திருகாணி அசையவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி கடை. நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு விளக்கினார். ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். தச்சரும் கொத்தனாரும் லேத்துக்காரரும் காலகாலமாகச் சொல்லும் கணக்கு. ஒன்றரை நூல் என்றால் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு, 4.76 மில்லிமீட்டர். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே. தறிச் சாமான் எல்லாம் எம்.எம். ஆகிவிட்டதால் அவரிடம் அங்குலச் சாவி இல்லை. போர் போடும் ரிக் வண்டிகளின் கம்ப்ரசரில் இன்னும் நூல் கணக்கு ஓடுகிறது, திருச்செங்கோட்டுக்குப் போங்கள் என்றார்.

எடப்பாடியிலிருந்து சங்ககிரி வழியாகத் திருச்செங்கோடு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். பன்னிரண்டு நாற்பதுக்குத் தனியார் பஸ், சங்ககிரியில் மாறினேன். இரண்டு டிக்கெட்டும் சேர்த்து முப்பத்தைந்து ரூபாய். வழியெல்லாம் காய்ந்த சோளத்தட்டு. யாராவது வந்து விசாரித்துவிடுவார்களோ என்று அப்பா வாசற்கதவைச் சாத்தியே வைத்திருப்பார் என்பதே நினைவில் ஓடியது.

இரண்டே காலுக்கு இறங்கி, கேட்டுக் கேட்டு, ரிக் பட்டறைகள் இருக்கும் பக்கம் போனேன். முதல் இரண்டில் சாப்பாட்டு நேரம். மூன்றாவதில் ஐம்பது வயது மதிக்கத்தக்க மெக்கானிக் ஒருவர் பிளேட்டைக் கேமராவோடு வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஏனுங்க, இதை எலி கடிச்சுதுங்களா?"

நூல் சுற்றிய கதையைச் சொன்னேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்த கூட்டாளியைக் கூப்பிட்டு மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். "எடப்பாடிக்காரங்க ஆச்சுங்களே. நூல்னா சுத்தத்தானே செய்வீங்க" என்றது கீழிருந்து குரல்.

பழைய டப்பாவிலிருந்து துருப்பிடித்த சாவி ஒன்றைத் தேடியெடுத்து, முனையை அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தார். கேமராவைத் தனியாகக் கழற்றி வைக்கச் சொன்னார். ஆனால் திருகாணி வழுக்கிக்கொண்டிருந்ததால் அதைக் கழற்றவே இந்தச் சாவிதான் வேண்டியிருந்தது. சாவியைக் குழியில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். அது 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. கழற்றி, தூசி துடைத்து, மறுபடி மாட்டி இறுக்கினார். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து ஆட்டிக் காட்டினார். மயிரிழைகூட அசையவில்லை.

"இத்தனை தூரம் அலையறீங்களே, என்னங்க விசேசம்?"

"அப்பா அம்மாவுக்குக் கல்யாண நாளுங்க."

யோசிக்காமல் வந்த பொய். எத்தனாவது வருடம் என்று கேட்டார். முப்பத்தொன்று என்றேன். அது மட்டும் உண்மை. பர்ஸை எடுத்தபோது கையை ஆட்டி மறுத்தார்.

"சாவியையும் நீங்களே வச்சுக்கங்க சாமி. என்ற மொய்யி. ரெண்டு பேரும் இன்னும் முப்பது வருசம் இருக்கோணும்னு நான் சொன்னதாச் சொல்லுங்க."

சரிங்க என்றேன். பஸ் நிலையம் வரை வேகமாக நடந்தேன். அவர் சொன்னதை வீட்டில் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் ஒன்றே முக்காலுக்கு வாடகைக் கார், போக வர இரண்டாயிரத்து நானூறு. சேலம் வழியாக அறுபது கிலோமீட்டர் சொச்சம். பனமரத்துப்பட்டி சேரும்போது மூன்றரை. பெரிய ஏரி. அன்றைக்கு நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர், மீதியெல்லாம் கருவேலம். அம்மா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ட்ரைபாடை விரித்ததும் டிரைவர் ஆசையாக முன்னால் வந்தார். நீங்கள் மூன்று பேரும் நில்லுங்கள், நான் எடுத்துத் தருகிறேன் என்றார். எடப்பாடிக்காரர். "வேண்டாமுங்க, நீங்க டீ குடிச்சுட்டு வாங்க" என்றார் அப்பா. அவ்வளவு கடுமையாக அவர் பேசி நான் கேட்டதில்லை. டிரைவரின் முகம் சுண்டிப் போயிற்று. அவரிடம் இன்றுவரை எங்களால் காரணம் சொல்ல முடியவில்லை.

வெயில் தணிய ஐந்து மணி ஆயிற்று. அம்மா கொண்டையை அவிழ்த்து முடியை முன்பக்கம் விட்டுக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் பொத்தானை அமுக்கிவிட்டு ஓடி வந்து நின்றேன். பதினொரு படம். கேமரா நகரவே இல்லை; பதினொன்றிலும் சட்டகம் ஒன்றேதான். எங்கள் முகங்கள்தான் சரியில்லை. அப்பா சிரிக்க முயன்ற படங்களைப் பார்க்க முடியவில்லை. ஏழாவதில் ஏரிப் பக்கமிருந்து காற்று வீசி, அம்மாவின் முடி முழுவதும் எழும்பி அவள் முகத்தை மறைத்துவிட்டது. அப்பா அதைப் பிடிக்கக் கை நீட்டியிருந்தார்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் காட்டியபோது ஏழாவதை அழிக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"இதயே பெருசாப் போடு கண்ணு. மூஞ்சி எங்க போகப் போவுது?"

உங்களில் யாராவது ட்ரைபாடோடு இந்தப் பக்கம் வந்தால்: கிளம்புவதற்கு முன் திருகாணிக் குழி எம்.எம்.மா அங்குலமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாலு எம்.எம். சாவி சும்மா சுற்றி, ஐந்து நுழையாவிட்டால் அங்குலமாக இருக்கலாம். பலம் கொடுக்காதீர்கள். நூல் சுற்றாதீர்கள். எடப்பாடியில் கிடைக்காததற்குத் திருச்செங்கோடு. பட்டறைகளுக்கு மதியம் இரண்டரைக்கு மேல் போங்கள். ஏரிக்கரையில் நிழல் இல்லை, தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். யாராவது என்ன விசேஷம் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலை முன்பே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

திங்கட்கிழமை அம்மாவுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்த நாலு மணி நேரத்தில், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் இருந்த பிரேம் கடைக்குப் போனேன். கடைக்காரர் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். அம்மா முகமே தெரியவில்லையே, வேறு படம் இல்லையா என்று கேட்டார்.

இதுதான் என்றேன்.