மக்கீன் கைகாட்டிய இடங்கள்

மடவளையில் பிறந்த மக்கீன் கண்டிக்கும் நாலந்தைக்கும் இடையே மாட்டு வண்டி ஓட்டிப் பிழைத்தவர். போகும்போது அரிசியும் கருவாடும் துணியும் ஏற்றுவார். வரும்போது மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களின் கோப்பிக்கொட்டை மூட்டைகள். எழுதப் படிக்கத் தெரியாது, பேச்சும் குறைவு. ஆனாலும் கண்டிக் கடைத்தெருவில் தருமம் கொடுக்க நினைத்தவர்கள் பல வருஷமாக இவரைத்தான் தேடி வந்து, "எங்க குடுத்தாப் போய்ச் சேரும்?" என்று கேட்டார்கள்.

அது இப்படித் தொடங்கியது.

கட்டுகஸ்தோட்டையில் ஆற்றைத் தோணியில் கடந்துகொண்டிருந்த காலம். கோப்பித் தோட்டத்து வேலைக்காக ராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சனங்கள் மன்னாரில் வந்து இறங்கி, காட்டு வழியாகக் கண்டிச் சீமைக்கு நடந்தார்கள். வழியில் தண்ணீர் கெட்டது, வாந்திபேதி வந்தது. விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். ஒரு பயணத்தில் நாலந்தைக்கு இப்பால் மக்கீனுக்கும் அதே நோய் கண்டது. கூட வந்த வண்டிக்காரர்கள் அவரை ஒரு மரத்தடியில் படுக்கவைத்து, தலைக்குக் கீழே சாக்கை மடித்து வைத்தார்கள்.

"மாட்டையும் வண்டியையும் ஊட்டுல சேத்திடுறம் மக்கீன்" என்று ஒருவர் சொன்னார். அவர்கள் கெட்டவர்கள் அல்ல, பயந்தவர்கள். சொன்னபடி மாட்டை மடவளையில் சேர்த்தார்கள். ஆள் இறந்துவிட்டார் என்றும் வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

மக்கீனைக் கண்டெடுத்தவர் இருளாயி. இரண்டு வருஷத்துக்கு முன் புருஷனோடு இந்தத் தெருவால் நடந்து வந்தவர். புருஷன் அந்த இடத்தில்தான் செத்தார். கூட்டத்தை அழைத்துவந்த கங்காணி ஒரு பொழுதுகூட நிற்கவில்லை. இருளாயி தனியாகக் குழி தோண்டி மூடிவிட்டு நிமிர்ந்தபோது, பின்னால் வந்த கூட்டத்தில் ஒரு பெண் தண்ணீர் கேட்டாள். எடுத்துக் கொடுத்தார். மறுநாள் வேறொரு கூட்டம் வந்தது. அப்படியே தங்கிவிட்டார். பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் ஒரு விவசாயி தெருவோரத்தில் குடிசை போட இடம் விட்டார். இருளாயி அந்த ஊர் வீடுகளில் குரக்கன் இடித்துக் கொடுத்து, கூலியாகக் கிடைத்த தானியத்தில் தினமும் ஒரு பானை கஞ்சி காய்ச்சினார். நடந்து வருகிற எவருக்கும் ஒரு சிரட்டை. நோயில் விழுந்தவர்களுக்கு உப்புப் போட்ட வடிநீர்.

மக்கீனுக்கும் அந்த வடிநீரைத்தான் ஊற்றினார். எட்டாம் நாள் மக்கீன் எழுந்து உட்கார்ந்தார். பதினைந்தாம் நாள் வேறொருவர் வண்டியில் தொற்றிக்கொண்டு மடவளைக்குப் போனபோது, வீட்டில் மௌத்துக்கு ஓதி முடித்திருந்தார்கள்.

உடம்பு தேறியதும் அவர் முதலில் போன இடம் கண்டியில் உதுமாலெவ்வையின் துணிக்கடை. அவருடைய சரக்கைத்தான் மக்கீன் அதிகம் ஏற்றுவார்.

"முதலாளி, ஒரு பொம்புள தெருவுல கஞ்சி ஊத்துறா" என்றார் மக்கீன்.

"எத்தனையோ பேர் ஊத்துறாங்க."

"இவ தான் தின்றத ஊத்துறா. நான் பதினஞ்சு நாள் அங்கதான் கெடந்தேன். அவ ரெண்டு நேரம் தின்டத நான் காணல்ல."

 உதுமாலெவ்வை ஒரு மூட்டை அரிசியை வண்டியில் ஏற்றச் சொன்னார். அடுத்த மாதமும் ஏற்றினார். நோன்பு மாதத்தில் மற்ற வியாபாரிகளிடமும் சொன்னார். அவர்கள் மக்கீனைக் கூப்பிட்டு, வேறு இடங்களும் தெரியுமா என்று கேட்கத் தொடங்கினார்கள்.

மக்கீனுக்கு இது பாரமாக இருந்தது. தன் சொல்லை நம்பி ஒருவர் கொடுப்பதென்றால், தான் பார்க்காததைச் சொல்லக்கூடாது என்று நினைத்தார். ஆகவே ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லுமுன் மூன்று தரம் போய்ப் பார்ப்பார். அதில் ஒரு தரமாவது மழையில் போவார். மழையில்தான் தருமத்தின் கூரை தெரியும் என்பது அவர் எண்ணம். மாத்தளைக்கு வடக்கே பெரியதம்பி என்றொருவர் வழியில் செத்தவர்களை அவரவர் முறைப்படி அடக்கம் செய்துவந்தார். அவருக்கு மண்வெட்டியும் வெள்ளைத் துணியும் கிடைக்கும்படி மக்கீன் சொன்னார். அக்குறணைப் பக்கத்தில் ஒரு சிங்கள வைத்தியர் நடந்து வருகிறவர்களின் கால் புண்ணுக்கு இலவசமாக மருந்து கட்டினார். எண்ணெய் இல்லாமல் தவிக்கிறார் என்று சொன்னதும் எண்ணெய் போனது. ஒரு பணக்காரக் கங்காணி ஓடு போட்ட மடம் கட்டி, அதற்கு உதவி கேட்டு ஆள் அனுப்பினார். மக்கீன் அடைமழையில் போனார். மடம் பூட்டியிருந்தது. தாழ்வாரத்தில்கூட யாரையும் ஒதுங்க விடவில்லை. அந்த இடத்தை அவர் சொல்லவில்லை.

அரிசி வியாபாரி லெட்சுமணன் இந்த வழியாகத்தான் இருளாயியைப் பற்றிக் கேள்விப்பட்டார். பக்தியுள்ளவர், கை தாராளம். மாதம் ஒரு மூட்டையோடு நிற்கவில்லை. குடிசைக்குப் பக்கத்தில் நீளமாகப் பந்தல் போட்டுக்கொடுத்தார். பெரிய வெண்கலப் பானைகள் அனுப்பினார். மக்கீனுக்குச் சந்தோஷம். அந்த வருஷம் திகனப் பக்கத்துத் தோட்டமொன்றில் கோப்பி ஏற்றுகிற வேலை கிடைக்க, ஏழெட்டு மாதம் அவர் வடக்கே போகவில்லை.

திரும்பப் போனபோது பந்தலில் மூன்று பானை வெந்துகொண்டிருந்தது. நெற்றியில் விபூதியோடு ஒரு சமையற்காரர் அகப்பையைப் பிடித்திருந்தார். இருளாயி வெளியே, வெயிலில், விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"வாங்க நானா" என்று அண்ணன் முறை வைத்து அழைத்தபடி எழுந்து நின்றார். "ரொம்ப நாளாச்சு."

"நீ ஏன் இங்க நிக்கிறாய் தங்கச்சி?"

"கண்டி முதலாளி அனுப்புன ஆளு. நான் தொட்டா மத்தவங்க குடிக்க மாட்டாங்களாம். வெறகு மட்டும் கொண்டாந்து போடுறேன்."

மக்கீன் மாட்டை அவிழ்த்துக் கட்டினார். அன்று முழுக்க அங்கேயே இருந்தார். மூன்று கூட்டம் வந்தது. பந்தலுக்குள் சிலர் உட்கார்ந்தார்கள். மற்றவர்களைச் சமையற்காரர் சாதி கேட்டு, தெருவோர ஓடைக்கு அந்தப் பக்கம் உட்காரச் சொன்னார். அந்தப் பக்கம்தான் ஆட்கள் அதிகம். உள்ளே இருந்தவர்கள் குடித்து முடித்த பிறகு, பானையைக் கழுவிய மாதிரித் தண்ணீராக அவர்களுக்கு ஊற்றினார்கள், உயரத்திலிருந்து, கையில். கடைசியாக வந்த கூட்டத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் நடந்துவிட்டாள். இருளாயி தன் முந்தானையில் வைத்திருந்த அவித்த கிழங்கை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினார்.

திரும்பி வந்ததும் மக்கீன் கேட்டார். "இதுக்கு நீ எப்படிச் சம்மதிச்சாய்?"

"என் கையால காச்சுனா ஒரு பான. இப்ப மூணு பான வேகுது நானா. தண்ணியாச்சும் எல்லாருக்கும் கெடைக்குதுல்ல."

"நான் கண்டியில என்ன சொல்ல?"

இருளாயி விறகைக் கீழே போட்டார். "பாத்ததச் சொல்லுங்க. ஆனா பானையக் கவுத்திராதீங்க."

கண்டி வரும் வழியெல்லாம் மக்கீன் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். தான் வாய் திறந்தால் லெட்சுமணன் கோபித்து அரிசியை நிறுத்தலாம். அப்போது பட்டினி கிடப்பவர்கள் தன் நாக்கினால் கிடப்பார்கள். வாய் மூடினால், இந்தப் பந்தலுக்குக் கொடுங்கள் என்று தன் பெயரைச் சொல்லிக் கேட்கிறவர்கள் தொடர்ந்து கேட்பார்கள். லெட்சுமணனை அங்கே கொண்டுபோய் விட்டதும் தான்தான். தான் கைகாட்டியிருக்காவிட்டால் அந்தச் சமையற்காரர் அங்கே வந்திருக்கமாட்டார்.

உதுமாலெவ்வையின் கடையில் லெட்சுமணனும் இன்னும் இரண்டு வியாபாரிகளும் இருந்த நேரத்தில் அவர் போய் நின்றார்.

"மூணு பான வேகுது. அரிசி நல்ல அரிசி. அது மெய்" என்றார். "ஓடைக்கு அங்கால இரிக்கிறவனுக்குக் கழுவின தண்ணிதான் கெடைக்கிது. அதும் மெய். அந்தக் கஞ்சியத் தொடங்கின பொம்புள பானையத் தொட ஏலாம விறகு வெட்டுறா. இதையும் நான் சொல்லத்தான் வேணும்."

லெட்சுமணனுக்கு முகம் சிவந்தது. "ஊர் வழக்கத்தை நானா உண்டாக்கினேன்? அவ கையால மேல்சாதிக்காரன் வாங்கிக் குடிப்பானா? அவன் பட்டினியாப் போகட்டுமா?"

"போகல்ல முதலாளி. முன்ன ரெண்டு வருஷமும் நான் பாத்துத்தான் ஈக்கிறேன். பசிச்சவன் குடிச்சான். வேணாம்டவன் அடுத்த கடைக்குப் போனான்."

"அப்ப என் தருமத்துக்குக் குடுக்க வேணாம்னு சொல்லப்போறியா?"

"குடுக்க வேணாம்டு சொல்ல மாட்டேன். குடுங்கோ எண்டும் இனிச் சொல்ல மாட்டேன். யாரும் கேட்டா இப்பச் சொன்னத அப்படியே சொல்லுவேன்."

"சரி. என் மூட்டையை இனி உன் வண்டியில ஏத்த வேணாம்" என்று எழுந்து போனார் லெட்சுமணன். மக்கீனுக்கு அதற்குள் பாதி ஓட்டம் அவருடைய சரக்காக ஆகியிருந்தது.

 உதுமாலெவ்வை மட்டும், "என்ட அரிசிய இப்ப எங்க அனுப்ப?" என்று கேட்டார்.

"அவளக் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

இருளாயி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பானைக்காக மூன்று பானையை விடவேண்டுமா என்று கேட்டார்.

"விடச் சொல்லல்ல" என்றார் மக்கீன். "அவங்கட அரிசி அவங்கட பந்தல்ல வேகட்டும். நீ ஒரு மைல் கட்டைத் தூரம் வடக்கால ஒரு பான வை. மன்னாரால வாற சனம் முதல்ல ஒன்ட பானையத்தான் காணும். ஓடையில இருக்க விரும்பாதவன் அங்கயே குடிக்கட்டும். கூட்டிப் பாரு, நாலு பான."

 இருளாயியின் கண் குடிசைக்குப் பின்னால் புருஷனைப் புதைத்த மேட்டில் இருந்தது.

"அவரு ஒத்தையில கெடப்பாரே நானா."

மக்கீன் வண்டியைப் பூட்டாமல் அங்கேயே தங்கினார். மூன்றாம் நாள் இருளாயியே இரண்டு சட்டியையும் ஒரு பாயையும் கட்டி எடுத்துவந்து வண்டியில் வைத்தார்.

புது இடத்தில் கூரை போடுமுன் மழை வந்துவிட்டது. உதுமாலெவ்வையின் அரிசி வந்தது. மற்ற இரண்டு வியாபாரிகளில் ஒருவர் மட்டும் தொடர்ந்து கொடுத்தார். மக்கீனின் வருமானம் குறைந்தது. ஒரு மாட்டுச் சோடியை விற்றார். லெட்சுமணனின் பந்தலும் தொடர்ந்து நடந்தது. யாராவது அதைப்பற்றிக் கேட்டால் மக்கீன் அன்று கடையில் சொன்னதையே சொன்னார், பானை எத்தனை என்பதையும் விடாமல். அது லெட்சுமணனின் காதுக்குப் போயிருக்கவேண்டும். ஒன்றரை வருஷம் கழித்து அவருடைய கணக்கப்பிள்ளை வந்து, "நாலந்தைக்குச் சரக்கு இருக்கு, ஏத்துறீங்களா?" என்று கேட்டார். மக்கீன் ஏற்றினார். 

பிறகு வாந்திபேதி கடுமையாக வந்த ஒரு வருஷம் பந்தலின் சமையற்காரர் சொல்லாமல் ஓடிவிட்டார். அங்கே கிடந்த நோயாளிகளில் நடக்க முடிந்த ஒருவர் இருளாயியிடம் வந்து நின்றார். இருளாயி போய் மூன்று பானைக்கும் நெருப்பு மூட்டினார். ஐந்து வாரம் இரண்டு இடத்துக்கும் நடந்தார். ஓடைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று யாரையும் பிரிக்க அப்போது ஆள் இல்லை, படுத்துக் கிடந்தவர்களும் கேட்கவில்லை. நோய் அடங்கியதும் லெட்சுமணன் வேறொரு சமையற்காரரை அனுப்பினார். இருளாயி அகப்பையைக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினார். புதியவர் பானையைக் கழுவி ஊற்றும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டார். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே கஞ்சி. உட்காரும் இடம் மாறவில்லை.

கண்டிக்கு ரயில் வந்தது. கொழும்புத் தெருவில் வண்டி ஓட்டியவர்கள் தொழிலை இழந்தார்கள். வடக்குத் தெருவில் மக்கீன் மேலும் சில வருஷம் ஓட்டினார். கோப்பி இலையில் மஞ்சள் புள்ளி விழத் தொடங்கிய காலத்தில் காய்ச்சலில் படுத்து, மடவளையில் மௌத்தானார். இருளாயிக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது பத்து நாள் கழித்து. அவர் மடவளைக்கு வரவில்லை. வந்தால் அன்றைய பானையை யார் வைப்பது என்று கேட்டதாகச் செய்தி கொண்டுபோனவர் சொன்னார்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு உதுமாலெவ்வையின் மகன் மக்கீனின் மனைவியிடம் ஆள் அனுப்பி, நானா கடைசியாக யாரையாவது சொன்னாரா என்று கேட்டார்.

"திகனயில றலியா எண்டொரு மருத்துவிச்சி" என்றார் அவர் கதவுக்குப் பின்னால் நின்று. "தோட்டத்து லயத்து வீட்டுப் பொம்புளைகளுக்குச் சும்மா புள்ளப்பேறு பாக்குறாவாம். ரெண்டு தரம்தான் போய்ப் பாத்தார். மூணாந்தரம் போக உடம்பு ஏலாமப் போச்சு. கேக்கிறவங்களுக்கு அதையும் சொல்லச் சொன்னார்."

மகன் மறுவாரம் தானே திகனவுக்குப் போனார்.