அவளுடைய முறையை நான் எழுதியது

எழுபதுகளின் நடுவே, பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் செக்ரோல் குமாஸ்தாவாக இருந்தேன். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று நாள்தோறும் பதிவதுதான் உத்தியோகம். மாலையில் வேறொரு வேலை இருந்தது. முகம் தெரியாத ஒருவருடன் சேர்ந்து, தபாலில் ஒரு காதல் கதை எழுதிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் பன்னிரண்டு பேர். இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் ஆணாகவும் மற்றவர் பெண்ணாகவும் மாறி மாறி எழுதுவோம். கதைகள் படுக்கையறைக்குள்ளும் போகும். அதனால் வயது வந்தவர்களுக்கு மட்டுமே இடம். பெயர் கிடையாது, எண் மட்டும். நான் நான்கு. எல்லாக் கவர்களும் பாலக்காட்டில் கோயில் தெருவில் குடியிருந்த ஒரு வங்கி ஊழியருக்குப் போகும். அவர் உள்கவரைப் பிரிக்காமல், புதிய மேல்கவர் போட்டுச் சனிக்கிழமைதோறும் உரியவருக்கு அனுப்புவார்.

சேரும்போது ஒவ்வொருவரும் விருப்பத் தாள் ஒன்று எழுதித் தர வேண்டும். எனக்கு வந்த தாள்களில் ஒருவர், நாற்பது தாண்டிய காதலர்களைப் பற்றி மட்டுமே எழுதுவேன் என்றிருந்தார். இன்னொருவருக்கு அடி உதை ஆகாது, சாவும் ஆகாது. இரண்டு பக்கத்துக்குக் குறைவாக எழுதுகிறவர் தன்னைத் தேட வேண்டாம் என்று ஒருவர். என் தாளில் நான் கேட்டது ஒன்றுதான்: கதையில் வரும் நாளும் திதியும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். இதற்கு ஒப்புக்கொண்டவர் ஒன்பதாம் எண்காரர் மட்டுமே. ஆணா பெண்ணா என்று நான் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. கதையில் அவர் பெண், நான் ஆண்.

எல்லோருக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. உன் ஆள் கையை நீட்டலாம். அந்தக் கையை அவள் பிடித்தாளா இல்லையா என்பதை எதிராளிதான் எழுத வேண்டும்.

எங்கள் கதையில் இருவரும் ஆடிப் பௌர்ணமியன்று ஒரு மலை பங்களாவில் சந்திப்பதாக ஏற்பாடு. என் ஆள் போய்க் காத்திருந்தான். அடுத்து அவர் முறை. அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. சாலையில் மண் சரிந்து பத்து நாள் தபால் இல்லை. பௌர்ணமி வந்தது, போனது. நான் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்த தாள்களில் அந்த நாள் மட்டும் காலி. செக்ரோலில் ஒரு கட்டம் விடுபட்டாலே சாப்பாடு இறங்காதவன் நான். ஆபீசுக்கும் அறைக்குமாக நடந்தேன். கடைசியில் உட்கார்ந்து அவருடைய முறையையும் நானே எழுதிவிட்டேன். அவள் பௌர்ணமியன்றே வந்தாள். கதவைத் திறந்தாள். அவனோடு இருந்தாள். விடிந்ததும் போகாதே என்று அழுது கெஞ்சினாள். நாள் நிரம்பிவிட்டது.

செவ்வாயன்று சாலை திறந்தது. கவரைத் தபாலாபீசுக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர்.

"என்ன சார், பசைகூடக் காயலையே. கல்யாணம் ஆகாத ஆளு, வாரா வாரம் யாருக்கு இம்புட்டு எழுதுதீங்க?"

"சிநேகிதருக்கு."

"சிநேகிதருக்கா! ரெண்டு கவரு போட்டு மூடுத அளவுக்கு ரகசியமா? எனக்கும் ஒருத்தரைப் பிடிச்சுக் குடுங்க, புண்ணியமாப் போவும்."

சிரித்துக்கொண்டே முத்திரை குத்திப் பையில் போட்டார்.

வெள்ளிக்கிழமை பழைய தாள்களை ஒழுங்குபடுத்தும்போது ஒன்பதாம் எண்காரரின் விருப்பத் தாள் கைக்கு வந்தது. கடைசி வரியை மறுபடி மறுபடி படித்தேன். 'என் பெண் அழுவதையும் கெஞ்சுவதையும் நான் எழுதமாட்டேன். எனக்காக வேறு யாரும் எழுதவும் வேண்டாம்.' இதற்கு முன் அவரோடு எழுதிய ஒருவர் இதைச் செய்ததால், ஒன்பதாம் எண்காரர் ஒரு வருடம் எழுதாமலே இருந்தார் என்று பாலக்காட்டுக்காரர் ஒருமுறை குறிப்பு அனுப்பியிருந்தார். இனி எனக்கும் எழுதமாட்டார். ஆனால் கவர் சனிக்கிழமைதானே பாலக்காட்டிலிருந்து கிளம்பும்? லீவு சொல்லிவிட்டு, மறுநாள் விடியற்காலை பஸ் ஏறினேன்.

உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் போனேன். கோபாலபுரம் செக்போஸ்டில் கடத்தல் அரிசி தேடி ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்தார்கள். நான் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கினேன். "ஏனுங்க, உக்காருங்க. நீங்க நின்னா மட்டும் வண்டி ஓடீருமாங்க?" என்றார் கண்டக்டர்.

நான்கு மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றேன். ஈரவேட்டியோடு வந்தவரிடம், "நாலாம் நம்பர்" என்றேன்.

"ஐயையோ! நேர்ல வரப்படாதுன்னு தெரியாதா ஓய்? மெதுவாப் பேசும், ஆத்துல எல்லாரும் இருக்கா."

"என் கவர் போயிடுத்தா?"

"நேத்தே போயிடுத்து. இன்னிக்கு அப்பாவுக்கு ஸ்ராத்தம், அதனால ஒரு நாள் முன்னாடியே போட்டுட்டேன். உமக்கும் ஒண்ணு வந்திருந்தது, அதையும் போட்டாச்சு. ஏன், என்ன எழுதித் தொலைச்சீர்?"

சொன்னேன்.

"அவா பொம்மனாட்டியை நீர் நடத்தினீரா? அழவும் விட்டீரா? பேஷ்! போய்ச் சேரும்."

புதன்கிழமை அந்தக் கவர் வந்தது. மழையில் தாமதமான, ஒன்பதாம் எண்காரரே எழுதிய முறை. அவள் பௌர்ணமியன்று வரவில்லை. மறுநாள் பகலில் வந்தாள். அவனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்று பேசிக்கொண்டு மட்டும் இருக்கலாமா என்று கேட்டாள். நான் எழுதியதைவிட அது எவ்வளவோ மேல். படித்து முடித்ததும் வெட்கமாக இருந்தது.

அதன்பின் பத்தொன்பது நாள் ஒன்றும் வரவில்லை. இருபதாம் நாள் வந்த கவரில், அவருடைய முறையாக நான் எழுதிய தாள்கள் குண்டூசி குத்தியபடியே திரும்பி வந்திருந்தன. கூடவே ஒரு குறிப்பு.

'நீங்க எழுதின அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாதுங்க. இந்தக் கதை இத்தோடு போதும். புதுசா ஒண்ணு ஆரம்பிக்கலாம். அதில் நீங்க பெண், நான் ஆண். சம்மதமானால் எழுதுங்க.'

சம்மதம் என்று அன்றே எழுதினேன். அவருடைய முதல் முறை அரைப் பக்கம்தான். நனைந்த குடையோடு ஒருவன் அவள் வீட்டு வாசலில் நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்கிறான். அதோடு நிறுத்திவிட்டார்.

ஆறு நாள் பேனா ஓடவில்லை. அத்தனை மாதமாகக் கேட்பவனாகவே எழுதிப் பழகிவிட்டேன். கேட்கப்படுகிறவள் எப்படி நிற்பாள், எதைப் பார்ப்பாள் என்று யோசித்ததே இல்லை. வரச் சொன்னால் ஒன்பதாம் எண்காரருக்குப் பிடிக்கும் என்று தோன்றியது. அவளுக்குப் பிடிக்குமா என்று யோசித்தபோது பதில் வேறாக இருந்தது. ஏழாம் நாள், "இன்று வேண்டாம்" என்று அவளைச் சொல்லவைத்து, பயந்துகொண்டே தபாலில் போட்டேன்.

பதில் நான்கு பக்கம் வந்தது. அவன் சரி என்று குடையை விரித்துக்கொண்டு போகிறான். மழையில் நடக்கிறான், பாலம் தாண்டுகிறான், ஒரு கடையில் டீ குடிக்கிறான். அவள் கதவைச் சாத்தினாளா, ஜன்னலில் நின்றாளா என்று ஒரு வரிகூட இல்லை. அதையெல்லாம் எனக்கு விட்டுவைத்திருந்தார். அவள் அவனைத் திரும்பக் கூப்பிடுவாளா, போகட்டும் என்று விடுவாளா என்று தெரியாமல், அந்த வாரம் முழுக்க ஆபீசுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.