யானை மறித்த விருந்து

பங்குனி முடிந்து வெயில் ஏறியதும் எங்கள் குடும்பம் மலைக்குப் போய்விடும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பைத் தாண்டி, ஓடையோரமாகவே ஏறிப் போனால் எங்கள் மலைவீடு. என் வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில் மலைச்சரக்குக் கடை. தேன், மெழுகு, கடுக்காய் எல்லாம் காட்டைக் குத்தகைக்கு எடுத்துச் சேர்ப்பார். சரக்கு இறங்கும் மாதங்களில் தங்கிக்கொள்ளத்தான் அந்த வீட்டைக் கட்டினார். கல் சுவர், புல் கூரை. முன்னால் ஆண்களுக்கு ஒரு கூடம், பின்னால் பெண்களுக்கு ஓர் அறை, அதை ஒட்டிச் சரக்கு அறை, சற்றுத் தள்ளிச் சமையல் கொட்டகை. மழை பிடித்ததும் கதவைக் கட்டிவிட்டு இறங்கிவிடுவோம்.

வியாபாரத்துக்குக் கட்டியது சீக்கிரமே விருந்து வீடாகிவிட்டது. கீழே வெயில் தாங்க முடியாதவர்களெல்லாம் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு ஏறி வந்தார்கள். சொந்தக்காரர்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டே வருவார்கள். அந்த ஆடுதான் மறுநாள் கறி. எங்கள் பக்கத்து நிலக்காரர்கள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், சமையலுக்கு ஆள் கூட்டி வந்து மரத்தடியில் தனி அடுப்பு மூட்டிக்கொள்வார்கள். என் வீட்டுக்காரருக்கு ஆள் நிறைந்தால் முகம் மலரும். எனக்கோ கவலை ஓடிக்கொண்டே இருக்கும். அரிசி காணுமா, மழை வந்துவிடுமா, பாயில் தேள் ஏறுமா. யாரும் வராத நாளில் பாதையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிடும். வந்துவிட்டால் எப்போது போவார்கள் என்றிருக்கும். உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

நான் சொல்ல வந்தது என் நாத்தனாரைப் பெண் கேட்டு வந்த கோடையைப் பற்றி. என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை அவள். கட்டிக் கொடுத்த அடுத்த வருஷமே மாப்பிள்ளையைப் பேதி கொண்டுபோய்விட்டது. புருசனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தாக் காலம் முடிந்து எங்களோடு வந்து இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் நான் இங்கும் அங்கும் அலைந்து பாதியில் போட்டுவிட்டுப் போகும் வேலையையெல்லாம் அவள்தான் பின்னாலேயே வந்து முடிப்பாள். அவளுக்கு மறுபடி ஒரு இடம் அமைய வேண்டுமென்று என் வீட்டுக்காரர் தவித்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை போலீஸில் ஏட்டு. அவருக்கும் முதல் மனைவி தவறிவிட்டாள்; பிள்ளை இல்லை. ஊரில் வைத்துப் பேசினால் நாலு பேர் வாய் வைப்பார்கள், மலைக்கு விருந்துக்கு வாருங்கள், பிடித்தால் அங்கேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார் இவர்.

மாப்பிள்ளை, அவருடைய தாயார், தாய்மாமன் என்று மூன்று பேர் வந்தார்கள். அந்த அம்மாளுக்கு டோலி ஏற்பாடு செய்திருந்தோம். பாதி வழியில் இறங்கிக்கொண்டு, "சுமக்கவங்க மூச்சு வாங்குறது என் காதுல விழுது, நான் நடந்தே வாரேன்" என்று சேலையைத் தூக்கிச் செருகி ஏறி வந்தார்களாம். வந்ததும் வெந்நீர் கேட்டுக் காலை ஊற வைத்துக்கொண்டு, நாத்தனாரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கும் எதையும் கேட்கவில்லை. "இந்தக் குளிர்ல எப்படித் தூங்குதீக?" என்றுதான் கேட்டார்கள்.

மாப்பிள்ளை எடுப்பான ஆள். கூடத்தில் அவர் சிரிப்பது பின்னறை வரை கேட்டது. மதுரையில் திருடனைப் பிடித்த கதை, சாத்தூரில் ரயிலைத் தவறவிட்ட கதை என்று பேசிக்கொண்டே இருந்தார். பேச்சுக்கு நடுவே எழுந்து வாசலுக்குப் போவார், திரும்பி வருவார், மறுபடி போவார். அவருக்கும் இருப்புக் கொள்ளாது என்று தெரிந்ததும் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நம்மைப் போல ஒருத்தர் என்று நினைத்தேன்.

நாத்தனார் சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்திருந்தாள்.

"எப்படி இருக்காரு?" என்றேன்.

"நல்லாச் சிரிக்காரு மதினி."

"அம்புட்டுத்தானா?"

"ஒரு நாளுல வேற என்ன தெரியும்?" என்றாள்.

நெய்ச்சோறும் கறியும் முடிந்து, தாய்மாமனும் என் வீட்டுக்காரரும் நாள் குறிப்பது வரை பேசிவிட்டார்கள். மறுநாள் காலையில் அவர்கள் இறங்குவதாக இருந்தது. விடிந்ததும் காவல்காரர் வந்து, யாரும் கிளம்ப வேண்டாம் என்றார். அவர் அந்த மலையிலேயே குடியிருக்கும் பளியர். கோடை முழுக்க எங்கள் வீட்டுக்கும் சரக்குக்கும் அவர்தான் காவல். பாதை ஓடையைக் கடக்கும் இடத்தில் யானைக் கூட்டம் நிற்கிறது, அதில் ஒன்று கன்று போட்டிருக்கிறது, கன்று எழுந்து நடக்கும் வரை நகராது என்றார். வேறு வழி கிடையாது.

யானையை விரட்டுவதற்கென்று எங்களிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. குண்டு போடுவதில்லை, சத்தத்துக்காக வெடிமருந்து மட்டும் கெட்டித்து வைத்திருக்கும். அது காவல்காரர் பொறுப்பு. மாப்பிள்ளை அதைச் சொல்லி, "ஒரு வெடி போட்டா ஓடிப் போகுது" என்றார். "கன்னு கெடக்கையில வெடி போட்டா எந்தப் பக்கம் ஓடும்னு சொல்ல முடியாதுங்க" என்றார் காவல்காரர். என் வீட்டுக்காரரும் வேண்டாமென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்று முழுதும் காத்திருந்தோம். அடுத்த நாளும் அப்படியே. கீழே மரம் முறியும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கறி தீர்ந்துவிட்டது, பருப்பும் கருவாடும்தான் இருந்தது. அந்த அம்மாள் கருவாட்டுக் குழம்பை ரசித்துச் சாப்பிட்டு, நாத்தனாரோடு உட்கார்ந்து புளி உரித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்குத்தான் நிலைகொள்ளவில்லை. மாப்பிள்ளைக்கு விடுப்பு முடிகிறது, போய்ச் சேராவிட்டால் இன்ஸ்பெக்டர் என்ன சொல்வாரோ என்று கவலை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து அந்தச் செருப்புச் சத்தமே என் தலைக்குள் கேட்டது. சிரிப்பு நின்றுபோயிற்று. தண்ணீர் கொண்டுபோய் வைத்த காவல்காரரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். நான் அதைக் கேட்டும், பாவம், அடைபட்டுக் கிடக்கிறார் என்றுதான் நினைத்தேன். எனக்கே யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போல இருந்தது.

அந்த இரண்டாம் நாள் மதியச் சாப்பாடு முடிந்து ஆண்கள் கண் அயர்ந்த நேரம். நான் கொட்டகையில் பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு பக்கவாட்டு வாசல்படியில் கால் வைக்கும்போது வீட்டுக்குப் பின்னால் வெடிச்சத்தம் கேட்டது. மலை அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் கீழே பிளிறல். பிறகு தரை அதிர்ந்தது. காவல்காரர் சொன்னபடியேதான் ஆயிற்று. கூட்டத்தில் ஒரு பகுதி பள்ளத்தில் இறங்காமல் எங்கள் பக்கம் ஏறி வந்துவிட்டது. அந்த அம்மாள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றோம். கொட்டகை சரியும் சத்தம் கேட்டது. நான் சற்று முன்னால் நின்ற இடம் அது. எங்கள் மட்டக்குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு கனைத்தபடி ஓடியது. அப்புறம் எல்லாம் கிழக்கே போய்த் தேய்ந்து அடங்கிற்று.

வெளியே வந்து பார்த்தோம். கொட்டகை இருந்த இடத்தில் கம்பும் புல்லும் நசுங்கிய பானையும் கிடந்தன. மனிதர் யாருக்கும் ஒன்றுமில்லை. குதிரை சரிவில் விழுந்து முன்கால் முறிந்து கிடந்தது. வருஷக்கணக்காக எங்களுக்கு மூட்டை சுமந்த உயிர். பிழைக்காது என்று தெரிந்துவிட்டது.

துப்பாக்கி பின்சுவரில் சாய்ந்திருந்தது. அதன் பக்கத்தில் காவல்காரர் மூச்சிரைக்க நின்றார். என் வீட்டுக்காரர் அவரிடம் கத்தினார்.

"ஏலே, வேண்டாம்னு சொன்னேன்ல?"

"நான் சுடல மொதலாளி. வெறகுக்குப் போயிருந்தேன். சத்தம் கேட்டு ஓடியாந்தேன்."

"பொறவு துப்பாக்கி தானாவா வெடிச்சுது?"

மாப்பிள்ளை கூடத்துப் பக்கமிருந்து வந்தார். "நான் முன்பக்கமா நின்னேன். இவன்தான் பின்னால இருந்து ஓடிவந்தான்" என்றார்.

ஒரு போலீஸ்காரர் சொன்ன பிறகு என்ன இருக்கிறது. என் வீட்டுக்காரர் காவல்காரரைப் பார்த்து, இனி இந்தப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் இன்னொரு தடவை "நான் சுடல" என்றார். பிறகு இடுப்பிலிருந்த சரக்கு அறைச் சாவியை எடுத்துப் படியில் வைத்துவிட்டு, தன் குடிசை இருக்கும் சரிவை நோக்கி நடந்தார்.

நான் உள்ளே வந்தபோது நாத்தனார் சன்னலடியில் நின்றாள். அந்த அம்மாள் முற்றத்தில் இருந்தார்கள்.

"மதினி, சுட்டது அவரு. நான் பாத்தேன். திறந்து கெடந்த சரக்கு ரூமுல இருந்து எடுத்துட்டு வந்து, இந்தச் சன்னலுக்கு நேரா நின்னுதான் சுட்டாரு. சுட்டதும் அங்கனயே சாத்தி வச்சிட்டு முன்பக்கம் ஓடுனாரு."

நாள் குறிக்கும் வரை வந்த சம்பந்தம். விருந்துக்கு வந்தவர்கள். எங்கள் கூரைக்குக் கீழே இருப்பவர்கள். "செத்த பொறு, உங்க அண்ணன தனியா கூப்பிட்டுச் சொல்லுதேன்" என்றேன். கூடத்துக் கதவு வரை போனேன். உள்ளே தாய்மாமன் என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். எந்தச் சாக்கில் அவரை எழுப்புவது என்று எனக்கு ஓடவே இல்லை.

அதற்குள் அவளே வந்துவிட்டாள். கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவே தொங்கிய திரைக்கு இந்தப் பக்கம் நின்றாள். அவள் குரல் உயரவில்லை.

"அண்ணே, அந்தக் காவக்காரரு சுடல. வந்திருக்கவுக சுட்டாக. நான் சன்னல்ல நின்னு பாத்தேன்."

தாய்மாமன்தான் முதலில் பேசினார். "பொம்பளப் புள்ள சரியாப் பாத்திருக்காது. பயத்துல என்னமும் தோணும்."

முற்றத்திலிருந்து அந்த அம்மாள் உள்ளே வந்திருந்தார்கள். அவர்களுக்குக் காதில் விழுந்துவிட்டது. நாத்தனாரின் முகத்தைப் பார்த்தார்கள். "நீ பாத்தியாம்மா?" என்றார்கள்.

"பாத்தேன் மாமி."

அந்த அம்மாள் திரையை விலக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனார்கள். மகன் முன்னால் நின்றார்கள். "நீ சொல்லு" என்றார்கள்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே நின்றிருக்க வேண்டும்; எனக்குத் தெரியாது, திரை மறுபடி விழுந்துவிட்டது. ஆனால் சொன்னது கேட்டது. "இப்படி ஆகும்னு நெனைக்கல. அவரு கோவமாக் கேட்டதும் பயமாயிருச்சு." அதிகாரமாகப் பேசிய மனிதர் பள்ளிக்கூடத்துப் பையனைப் போலச் சொன்னார்.

"வெடிச்சதுக்கு உன்ன ஒண்ணும் சொல்லல. அவசரம் யாருக்கும் வரும். அந்த மனுசன் தலையில ஏன் கட்டுன?"



என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். சரிவில் இறங்கிக் காவல்காரரின் குடிசைக்கே போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. வெயில் சாயும் நேரத்துக்கு இருவரும் சேர்ந்து ஏறி வந்தார்கள். காவல்காரர் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். "துப்பாக்கிய இனிமே எங்கிட்ட குடுக்காதீக" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்ததே இல்லை.

யானைகள் போய்ப் பாதை திறந்துவிட்டதால் மறுநாள் விருந்தாளிகள் இறங்கினார்கள். சம்பந்தத்தைப் பற்றி எந்தப் பக்கமும் பேச்செடுக்கவில்லை. அந்த அம்மாள் போகும்போது நாத்தனாரின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்கள். நான் அன்றே நசுங்கிய பானைகளைப் பொறுக்கினேன், கொட்டகைக்கு ஆள் சொன்னேன், பாயெல்லாம் உதறினேன். ஒன்றிலும் மனம் நிற்கவில்லை. ஒரு நல்ல இடம் கைவிட்டுப் போயிற்றே என்ற துக்கமா, தப்பித்தாளே என்ற நிம்மதியா என்று எனக்கே பிடிபடவில்லை. அவளிடம் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்ல மதினி" என்றாள். அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள், நான்தான் விழித்திருந்தேன்.

அடுத்த கோடையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். வைகாசி பிறந்ததும் ஒரு காலையில் அந்த அம்மாள் ஓர் ஆளை மட்டும் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஏறி வந்துவிட்டார்கள். எனக்கு என்ன சொல்லி வரவேற்பது என்று தெரியவில்லை. உட்காரச் சொன்னேன், எழுந்து பாய் எடுக்கப் போனேன், பாயை விட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன்.

"ஏட்டி, செத்த ஒரு இடத்துல நில்லு" என்றார்கள். "மகனுக்கு வேற எடத்துல முடிஞ்சிருச்சு. மாத்தலாகிப் போயிட்டான். நல்லாத்தான் இருக்கான். நான் இன்னொருத்தருக்கு உங்க புள்ளயக் கேட்டு வந்திருக்கேன்."

வ. புதுப்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர். அவர்களுக்குத் தூரத்து உறவு. நாத்தனார் திரைக்குப் பின்னால் நிற்கவில்லை. நேராக வந்து அவர்கள் முன்னால் உட்கார்ந்தாள்.

"அவிய பொய் சொல்லுவாகளா மாமி?"

அந்த அம்மாள் சிரித்தார்கள். "கடைக்காரன், சொல்லாம இருப்பானா? நேத்து வந்த சரக்கும்பான், போன மாசத்துச் சரக்கா இருக்கும். ஆனா தான் செஞ்சத அடுத்தவன் தலையில கட்டமாட்டான். அத நான் விசாரிச்சிட்டுத்தான் வந்தேன்."

நாத்தனார் யோசித்தாள். அவசரப்பட்டு அவள் எதற்கும் பதில் சொன்னதில்லை. நான்தான் அந்த நேரத்தைக் கடக்க முடியாமல் அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது இருவரும் அவருடைய கடையில் என்னென்ன விற்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மழை பிடிப்பதற்கு முன்பே நிக்காஹ் முடிந்தது.